அணுவின் தற்செயலும் மனிதனின் விடுதலையும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்ணெண்ணெய் விளக்கையும் ஒரு கரும்பலகையையும் கொண்டு தொடங்கப்பெற்ற மாலை வகுப்பு, இன்று வெள்ளி விழாக் காணும் கல்விக் கழகமாக வளர்ந்து நிற்கிறது. இந்த நல்ல நாளில் கல்வியின் அருமை குறித்தோ கழகத்தின் வரலாறு குறித்தோ பேசுமாறு பணித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் செயலாளர் அவர்கள், “குவாண்டம் இயற்பியலுக்கும் மனித மனத்திற்கும் தொடர்பு உண்டா? நம் விருப்பம் உண்மையிலேயே நம்முடையதுதானா? இதைப் பற்றிப் பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்டார்கள். உப்பளத்திலும் கரிமூட்டத்திலும் கடற்கரையிலும் உழைத்து வாழும் நம் மக்களுக்கு இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாலை வகுப்பில் பயின்ற தம்பி ஒருவர் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெறவில்லை. பின்னர் அவர் வகுப்பிற்கு வருவதையே நிறுத்திவிட்டார். நான் அவருடைய வீட்டிற்குச் சென்று காரணம் கேட்டேன். நகரத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்கு, தாயார் உப்பு வாரிச் சேர்த்த பணத்தைக் கட்டிச் சென்றிருக்கிறார். அங்கே ஒருவர், “மனம்தான் உலகைப் படைக்கிறது என்று குவாண்டம் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது. நீ எதை எண்ணுகிறாயோ அதுவே நடக்கும். நீ தோற்றாய் என்றால் உன் எண்ண அலைகள் பழுதுபட்டிருக்கின்றன” என்று போதித்திருக்கிறார். அத்தம்பி என்னைப் பார்த்து, “சார், தப்பு என் மனசுலதான் இருக்கு. அதைச் சரி பண்ணாம படிச்சு என்ன பயன்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. ஏனெனில் அதே சொற்களை வேறு வடிவில் என் இளமையிலேயே கேட்டிருக்கிறேன். என் அப்பத்தா ஊருணிக் கரையில் குடத்தை வைத்துவிட்டு, யாரேனும் இரங்கித் தண்ணீர் ஊற்றுவார்களா என்று காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர். ஏன் அப்பத்தா நாம் இறங்கி எடுக்கக் கூடாது என்று கேட்டால், “நம்ம தலையெழுத்து அப்படி” என்பார். அப்பத்தாவுக்குத் தலையில் எழுதியிருந்தது. பேரப்பிள்ளைக்கு மனத்தில் பழுது என்கிறார்கள். இரண்டிலும் குற்றவாளி ஒருவர்தான்: துன்பப்படுகிறவர். ஊருணியைப் பூட்டிவைத்தவர் எவரும் கணக்கில் வருவதில்லை. ஆகவே இது நமக்குத் தேவையற்ற ஆராய்ச்சியன்று.

பழைய வழக்கு

எல்லாம் முன்பே முடிவாகிவிட்டதா, மனிதன் முயன்று மாற்ற முடியுமா என்ற வழக்கு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், ஆசீவகக் கொள்கையினர் ஒருவர் பேசுகிறார். உலகம் நிலம், நீர், தீ, காற்று, உயிர் ஆகியவற்றின் அணுக்களால் ஆனது என்கிறார். பேறும் இழப்பும், இன்பமும் துன்பமும், பிறப்பும் இறப்பும் கருவிலேயே அமைந்துவிடுகின்றன என்றும் கூறுகிறார். அணுக்கொள்கையும் விதிக்கொள்கையும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கவனியுங்கள். மணிமேகலை அதனை ஏற்காது மேலே செல்கிறாள். அவள் யார்? கணிகையர் குலத்தில் பிறந்தவள். பிறப்பின்படி அவள் செய்யவேண்டிய தொழில் இன்னது என்று ஊர் முடிவு செய்திருந்தது. அந்த முடிவை மறுத்து, அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்க்குச் சோறிட்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியவள் அவள்.

கிரேக்க நாட்டில் எபிகூரசு என்னும் அறிஞரும் அணுக்கொள்கையினரே. ஆனால் அவர் வழிவந்தோர், அணுக்கள் நேர்கோட்டில் விழும்போது காரணமின்றிச் சிறிதே விலகுகின்றன, அந்த விலகலால்தான் உயிர்கள் விதியின் பிடியிலிருந்து தப்புகின்றன என்றனர். ரோமானியக் கவிஞர் லுக்ரீசியசு இதனை விரித்துப் பாடினார். அணு தன்போக்கில் விலகினால் மனிதன் சுதந்திரன் ஆகிவிடுவான் என்ற வாதம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. இன்று குவாண்டத்தின் பெயரால் சொல்லப்படுவதும் பெரும்பாலும் இதுவே. வள்ளுவரோ ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இந்த வழக்கை நம் முன்னோர் எளிதில் முடித்துவிடவில்லை.

புயலும் அணுவும்

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். 1814ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ், உலகின் ஒவ்வொரு துகளும் இப்போது எங்கே உள்ளது, எவ்விசையால் இயங்குகிறது என்பதை முழுதும் அறிந்த ஓர் அறிவு இருக்குமானால், அதற்கு எதிர்காலம் முழுவதும் இறந்தகாலம்போல் தெளிவாகத் தெரியும் என்றார். இவ்வுலகை ஒரு பெரிய கடிகாரமாகக் கருதிய காலம் அது.

நம் கரையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று அப்புயலின் வேகத்தையும் வழியையும் உரிய நேரத்தில் அறியக் கருவிகள் போதவில்லை. இன்றோ செயற்கைக் கோள்களின் துணையால் சில நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை வருகிறது, விசைப்படகுகளுக்கு டோக்கன் நிறுத்தப்படுகிறது, உயிர்கள் காக்கப்படுகின்றன. புயலில் நமக்குத் தெரியாதது இருந்தது. கருவியும் கணக்கும் வளர வளர அந்த அறியாமை குறைந்தது. ஆக, அது நம் அறிவின் குறை.

அணுவுக்குள் நிலைமை வேறு. 1900இல் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் துளித்துளியாகவே கைமாறுகிறது என்ற கருத்தைத் தொடங்கிவைத்தார். 1926இல் ஸ்ரோடிங்கர் தம் சமன்பாட்டை வெளியிட்டார். அச்சமன்பாடு தருவது நிகழ்தகவையே என்று அதே ஆண்டில் மாக்ஸ் பார்ன் விளக்கினார். 1927இல் ஹைசன்பர்க், ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே முழுத் துல்லியமாக வரையறுக்க இயலாது என்றார். கருவி நுட்பமாகிவிட்டால் தீர்ந்துவிடும் குறை அன்று இது. இயற்கையின் அமைப்பே அப்படி என்பது பெரும்பாலான இயற்பியலாளரின் கருத்து. 1964இல் ஜான் பெல் வகுத்த தேற்றத்தைச் சோதனையால் ஆராய்ந்த கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாம் காணாத உட்கருவி ஒன்று அந்தந்த இடத்திலேயே மறைந்திருந்து எல்லாவற்றையும் இயக்குகிறது என்ற எளிய விளக்கம் அச்சோதனைகளுக்குப்பின் நிற்கவில்லை.

இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். டேவிட் போம் 1952இலும், ஹியூ எவரெட் 1957இலும் இதே குவாண்டம் கணக்குகளுக்குத் தற்செயல் இல்லாத விளக்கங்களைத் தந்துள்ளனர். அவற்றை ஏற்போர் இன்றும் உளர். எனவே, “உலகம் முன்முடிவு அற்றது என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது” என்று அடித்துச் சொல்வதும்கூட அளவுமீறிய பேச்சேயாகும்.

தற்செயல் சுதந்திரம் ஆகுமா?

சரி, அணுவில் தற்செயல் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதனால் நமக்குச் சுதந்திரம் வந்துவிடுமா? நாம் உண்ணும் வாழைப்பழத்திலும் முருங்கைக் கீரையிலும், நம் பெண்கள் கழுத்தளவு நீரில் நின்று சேகரிக்கும் கடற்பாசியிலும் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உடையது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஒவ்வொரு விநாடியும் சுமார் நாலாயிரம் பொட்டாசிய அணுக்கள் சிதைகின்றன. எந்த அணு எந்தக் கணத்தில் சிதையும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. இது கலப்படமற்ற குவாண்டம் தற்செயல். நான் பேசத் தொடங்கியதிலிருந்து உங்கள் ஒவ்வொருவர் உடலிலும் பல லட்சம் முறை இது நிகழ்ந்துவிட்டது. உங்களுள் எவரேனும் அதனால் சற்றுக் கூடுதலாகச் சுதந்திரம் அடைந்தீர்களா? அந்த அணுக்களில் ஒன்றேனும் உங்கள் அனுமதியைக் கேட்டதா?

என் கை காரணமின்றித் தானே துள்ளினால் அதனை வலிப்பு என்போம். என் விருப்பம் என்று எவரும் சொல்லமாட்டார். விதி என்னை ஆட்டினாலும், தாயக்கட்டை என்னை ஆட்டினாலும், ஆடுவது நான் அல்லேன். எனவே தற்செயலைச் சுதந்திரம் என்று கொள்வது பிழை. இதைச் சொன்னவர்களுள் ஸ்ரோடிங்கர் ஒருவர். பஸ்குவால் ஜோர்டன் போன்றோர், குவாண்டம் விட்ட இடைவெளியில் மனித விருப்பம் நுழைந்து செயல்படுகிறது என்று எழுதியபோது, 1951இல் வெளிவந்த தம் நூலில் ஸ்ரோடிங்கர் அதனை மறுத்தார். குவாண்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரே அக்கதவைச் சாத்தியிருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பார்ப்பது யார்?

அடுத்த கூற்று, “பார்ப்பவனின் மனமே பொருளை உண்டாக்குகிறது” என்பது. இது எங்கிருந்து வந்தது? குவாண்டம் கணக்கின்படி ஓர் எலெக்ட்ரான், அளக்கப்படும் முன் பல நிலைகளின் கலவையாக இருக்கிறது. அளந்தால் ஒரு நிலையில் அகப்படுகிறது. 1932இல் வான் நாய்மன் இந்த அளத்தலைக் கணித முறையில் ஆராய்ந்தார். 1961இல் யூஜீன் விக்னர், மனிதனின் பிரக்ஞைதான் இம்மாற்றத்தைச் செய்கிறதோ என்று எழுதினார். அவர் நோபல் பரிசு பெற்ற பெரியவர். ஆகவே அக்கருத்துப் பரவிற்று. ஆனால் 1970இல் டீட்டர் சே என்பவர், எந்தப் பொருளும் தன்னைச் சூழ்ந்த காற்றோடும் ஒளியோடும் இடையறாது உரசிக்கொண்டிருப்பதால் அதன் குவாண்டம் கலவைத் தன்மை விரைவில் சிதறிவிடுகிறது என்று காட்டத் தொடங்கினார். பின்னாளில் விக்னர் தம் பழைய கருத்தைத் தாமே கைவிட்டார். விக்னரை மேற்கோள் காட்டும் பயிற்சி ஆசிரியர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

இயற்பியலில் ‘பார்த்தல்’ என்றால் அளத்தல் என்றே பொருள். அளப்பது ஒரு புகைப்படத் தகடாக இருக்கலாம், மின்கருவியாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் உறங்கப் போனாலும் தகட்டில் புள்ளி விழும். நம் நாட்டின் சான்று ஒன்றும் உண்டு. கேரளத்திற் பிறந்து, பின்னர்ச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்த ஈ.சி.ஜி. சுதர்சன், பைத்யநாத் மிஸ்ரா என்பவரோடு சேர்ந்து 1977இல் ஓர் அரிய முடிவை வெளியிட்டார். ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அதன் நிலைமாற்றம் தடைப்படும் என்பது அது. 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளைக் கொண்டு அது சோதித்துக் காட்டப்பட்டது. அங்கே ‘பார்த்துக்கொண்டிருந்தது’ லேசர் ஒளி. எவருடைய மன ஒருமைப்பாடும் தேவைப்படவில்லை. அத்தகைய அருமையான விஞ்ஞானத்தையும், “உற்று நினைத்தால் நடக்கும்” என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூளையில் என்ன நடக்கிறது?

உயிருள்ள உடலில் குவாண்டத்துக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இருட்டில் பார்க்க உதவும் நம் விழித்திரைச் செல் ஒன்று ஒரே ஓர் ஒளித்துகளுக்குக்கூடப் பதிலளிக்க வல்லது. இரவில் வலை இழுக்கும் மீனவர் தொலைவிலுள்ள மங்கிய விளக்கைக் காண்பதில் குவாண்டம் நிகழ்ச்சி அடங்கியிருக்கிறது. வேதியியல் முழுவதற்கும் குவாண்டமே அடிப்படை. ஆனால் கேள்வி அதுவன்று. மூளை சிந்திக்கும் முறையிலேயே குவாண்டம் கலவைக்குத் தனிப்பங்கு உண்டா என்பதே கேள்வி.

உண்டு என்பவர்களில் முதன்மையானவர் ரோஜர் பென்ரோஸ். 1989இல் எழுதிய நூலில் இக்கருத்தை முன்வைத்தார். பிறகு ஸ்டூவர்ட் ஹாமராப் என்னும் மயக்க மருத்துவ அறிஞரோடு இணைந்து, நரம்புச் செல்லின் நுண்குழல்களில் இது நிகழ்கிறது என்றார். பென்ரோஸ் 2020இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அது கருந்துளை ஆராய்ச்சிக்காக, இக்கொள்கைக்காக அன்று. 2000ஆம் ஆண்டில் மாக்ஸ் டெக்மார்க் ஒரு கணக்கிட்டார். வெப்பமும் ஈரமும் நிறைந்த மூளையில் குவாண்டம் கலவை, ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்திற்குள்ளாகவோ அதைவிட மிக விரைவாகவோ சிதைந்துவிடும் என்றார். நரம்புச் செய்திகளோ விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை நேரம் எடுக்கின்றன. கண் இமைக்கும் முன் ஆவியாகிவிடும் பனித்துளியைக் கொண்டு வயலுக்கு நீர் பாய்ச்ச முடியாது. ஹாமராப் குழுவினர் இக்கணக்கை மறுத்து எழுதினர், வாதம் தொடர்கிறது. ஆனால் பெரும்பாலான அறிஞர்கள் இன்னும் ஏற்கவில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஓர் ஓசை கேட்கிறது. “சுதந்திரம் என்பதே மாயை, மூளை முடிவெடுத்த பிறகுதான் உனக்குத் தெரிகிறது” என்பது அது. 1983இல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையை இதற்குச் சான்றாகக் காட்டுவர். கையை அசைக்க மனிதன் எண்ணியதாகத் தான் உணர்வதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு விநாடிக்கு முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது என்று அவர் கண்டார். ஆனால் 2012இல் ஷூர்கரும் உடன் ஆய்ந்தோரும், அம்மின்மாற்றம் எடுத்து முடித்த தீர்மானமாக இருக்கவேண்டியதில்லை. மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று காட்டினர். மேலும், எப்போது விரலை அசைப்பது என்பது ஒரு வாழ்க்கை முடிவா? மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துவதா, மேலே படிக்கவைப்பதா என்று ஒரு தாய் ஆறு மாதம் சிந்திக்கிறாள். அந்தத் தீர்மானத்தை மூன்றில் ஒரு விநாடிக் கணக்கைக் கொண்டு அளக்க இயலாது.

பிரக்ஞை என்பது என்ன, சதையாலான மூளையிலிருந்து வலியும் நினைவும் எவ்வாறு தோன்றுகின்றன என்பது இன்றும் விடை காணப்படாத வினா. விடை தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்வதே விஞ்ஞானத்தின் நேர்மை. ஒன்று புரியவில்லை, இன்னொன்றும் புரியவில்லை, ஆகவே இரண்டும் ஒன்று என்பது தருக்கமாகாது.

“எல்லாம் முன்பே இருக்கிறது”

நம் நாட்டில் இந்தக் கலப்பு எளிதாக நிகழ்வதற்குக் காரணம் உண்டு. 1930 ஜூலை 14ஆம் நாள் பெர்லினுக்கு அருகே ஐன்ஸ்டைன் இல்லத்தில் தாகூர் அவரைச் சந்தித்தார். உண்மை என்பது மனித மனத்தோடு பிணைந்ததே என்றார் தாகூர். மனிதன் இல்லாவிடினும் உண்மை உண்மையே என்றார் ஐன்ஸ்டைன். அடுத்த மாதச் சந்திப்பில் அணுவின் தற்செயல் குறித்தும் உரையாடினர். ஸ்ரோடிங்கருக்கு உபநிடதங்களில் ஈடுபாடு உண்டு. 1944இல் வெளியான தம் நூலின் முடிவுரையில் அதனை எழுதினார். இப்பெரியோர் இவற்றைத் தத்துவமாகப் பேசினர். சமன்பாட்டிலிருந்து வருவிக்கப்பட்ட முடிவாகப் பேசவில்லை. பிறகு வந்தோர் அந்த வேறுபாட்டை அழித்துவிட்டனர்.

அதனைத் துணிந்து சுட்டிக்காட்டியவர் மேக்நாத் சாஹா. 1893இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சாதி ஏணியில் தாழ்வாக வைக்கப்பட்ட ஒரு குடும்பத்தில், சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தாவில் படித்தபோது மாணவர் விடுதியில் உடன் அமர்ந்து உண்ண மறுக்கப்பட்டவர். அவரே 1920இல், விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய வழிவகுத்த சமன்பாட்டை உலகிற்கு அளித்தார். 1927இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1952இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இளமையில் தம் ஆராய்ச்சியைப் பற்றி டாக்கா வழக்கறிஞர் ஒருவரிடம் சொன்னபோது, இதில் புதிதாக என்ன இருக்கிறது, எல்லாம் வேதத்தில் உள்ளதே என்று அவர் கூறினாராம். எந்தப் பகுதியில் என்று சாஹா கேட்க, தாம் வேதத்தைப் படித்ததில்லை என்பதே விடையாக வந்தது. 1930களின் இறுதியில் சாஹா இதனை எழுதியபோது பெரும் வாதம் எழுந்தது. எல்லாம் முன்பே இருக்கிறது என்றால் புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை, கேட்கிறவனும் தேவையில்லை. இதுவரை கேட்க அனுமதிக்கப்படாதவன் இன்று கேட்கத் தொடங்கும்போது அவன் வாயை அடைக்க இதைவிட எளிய வழி எது?

யாருக்குப் பயன்?

ஒரு கொள்கையைக் கேட்கும்போது, அது உண்மையா என்பதோடு, அதனால் எவருடைய பொறுப்பு மறைக்கப்படுகிறது என்றும் கேட்கப் பழகுங்கள். அண்ணல் அம்பேத்கர் மறைந்தபின் 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், முற்பிறவிக் கருமக் கொள்கையை ஆராய்கிறார். ஏழைகளின், தாழ்த்தப்பட்டோரின் நிலைக்கு அரசும் சமுதாயமும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்ளவே அக்கொள்கை உதவுகிறது என்பது அவர் கண்ட முடிவு. எண்ண அலைக் கொள்கையும் அதே பணியைத்தான் செய்கிறது. முன்பு போன பிறவியின் பாவம். இப்போது இந்தப் பிறவியின் எண்ணம். சட்டை மாறியிருக்கிறது, ஆள் அவரேதான்.

நான் தொடக்கத்தில் சொன்ன தம்பியோடு ஒரு மாலை முழுதும் அமர்ந்து கணக்குப் பார்த்தேன். அவர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் ஓராண்டு காலியாக இருந்தது. தாயாருக்கு உடல்நலம் குன்றியதால் மூன்று மாதம் அவர் உப்பளத்துக்குப் போயிருக்கிறார். அவரோடு போட்டியிட்டவர்களுள் பலர் இரண்டாண்டு தனிப்பயிற்சி பெற்றவர்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி, “தம்பி, இதில் உன் மனத்தின் பழுது எங்கே இருக்கிறது, காட்டு” என்றேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அவர் மருத்துவர் அல்லர்; மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படித்து வேலையில் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் நம் வகுப்பில் இயற்பியல் சொல்லித்தருகிறார். அவருடைய தோல்விக்குக் காரணங்கள் இருந்தன. காரணங்கள் இருந்ததால்தான் அவற்றுள் சிலவற்றை நம்மால் மாற்ற முடிந்தது.

இங்கேதான் என் உரையின் மையக் கருத்து இருக்கிறது. காரண காரியம் சுதந்திரத்தின் பகை என்று எண்ணுகிறோம். அப்படியன்று. எழுத்தைக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை படிக்கும் என்ற நம்பிக்கையில்தானே இக்கழகம் நிற்கிறது? கற்பித்தல் காரணம், கற்றல் காரியம். அணுவைப்போல் பிள்ளையும் தற்செயலாக நடந்துகொள்ளுமானால் இந்த இருபத்தைந்து ஆண்டு உழைப்பும் கடலில் கரைத்த பெருங்காயம் ஆகியிருக்கும். காரணத்தை அறிந்து, அதன்மேல் கைவைக்கும் ஆற்றலே சுதந்திரம். நல்ல காரணங்களைக் கேட்டு, எடைபோட்டு, அதன்படி நடக்கவும் மாறவும் இயலும் என்பதே மனிதனின் தன்விருப்பம். இந்த ஆற்றல் ஒருவரிடம் வளரலாம், நசுக்கவும் படலாம். பள்ளிக் கதவு மூடப்பட்டவனுக்கும் ஊருணிப் படி மறுக்கப்பட்டவளுக்கும் அணுவில் தற்செயல் குறைந்துவிடவில்லை. முன்னால் இருந்த வழிகள்தாம் குறைக்கப்பட்டிருந்தன.

இதே அளவுகோலால் மற்றொன்றும் தெளிவாகிறது. கொடுமை செய்தவர், “என் மூளை அணுக்கள் செய்தன, நான் என்ன செய்வேன்” என்று தப்பிக்க முடியாது. நியாயத்தைக் கேட்கவும் மாறவும் கூடியவராக இருந்தும் மாறாதவர் பொறுப்பாளியே.

1927 மார்ச்சு

இளைஞர்களே, ஒரு நாட்குறிப்பைச் சொல்லி முடிக்கிறேன். ஹைசன்பர்க்கின் புகழ்பெற்ற கட்டுரை 1927 மார்ச்சு 23ஆம் நாள் ஜெர்மானிய இயற்பியல் இதழுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன், மார்ச்சு 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாட் நகரின் சௌதார் குளத்துக்கு நடந்து சென்று, குனிந்து நீரை அள்ளிப் பருகினார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

முந்தைய ஆண்டிலும் அக்குளத்து நீரின் அணுக்கள் அவைதாம். மக்களின் உடலில் ஓடிய அணுக்களும் அவைதாம். எலெக்ட்ரானின் உறுதியின்மை அப்போதும் இருந்தது. ஆனால் எவரும் குளத்தில் இறங்கவில்லை. பின் எது மாறிற்று? பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924இல் மகாட் நகராட்சி அதனை ஏற்றது. அத்தாள் தானே நடந்து குளத்துக்குப் போகவில்லை. அதனைப் படித்தறிந்த ஒருவர் மக்களுக்கு எடுத்துச் சொன்னார், மக்கள் கேட்டனர், சிந்தித்தனர், ஒன்றாக நடந்தனர். பிறகு தாக்கப்பட்டனர், குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்பட்டது, வழக்கு நடந்தது, 1937இல் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள்! ஒரு நாள் எண்ணத்தால் கிடைத்ததன்று அவ்விடுதலை.

நம் முதுகுளத்தூர் மண்ணில் 1924இல் பிறந்த தியாகி இமானுவேல் சேகரன் அவர்கள், இராணுவப் பணியைத் துறந்து ஊருக்குத் திரும்பி, தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் கொல்லப்பட்டபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. பணியில் இருந்துகொண்டே பாதுகாப்பாக வாழும் வழி அவர் முன் இருந்தது. அதை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. தன்விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் நீங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் பரமக்குடிக்குப் போய்வரலாம்.

அதற்காக ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இராமேசுவரத்தில் பிறந்து, தொடக்கப் பள்ளியில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட சிறுவர் ஒருவர், இராமநாதபுரத்தில் உயர்நிலைக் கல்வியும் திருச்சியில் இயற்பியலும் பயின்று, நாட்டின் குடியரசுத் தலைவரானதை நாம் அறிவோம். குவாண்டம் இயற்பியலைப் படியுங்கள். கணிதத்தோடு, முறையாக, பாடநூலிலிருந்து படியுங்கள். அப்போதுதான் அதன் பெயரால் உங்களை ஏமாற்ற வருகிறவரிடம், “ஐயா, அந்தச் சமன்பாட்டைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்” என்று சாக்கட்டியை நீட்ட முடியும்.

என் அப்பத்தா இறந்து நெடுங்காலமாயிற்று. அந்த ஊருணியில் இன்று எல்லோரும் இறங்குகிறார்கள். அவர் நெற்றியில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஊரின் வழக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. மனிதர் எழுதியதை மனிதர் அழித்தனர். அழிக்க இன்னும் பல வரிகள் எஞ்சியுள்ளன. அவற்றை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.